ஐந்து பேர் உட்காரும் வண்டி

செல்லுல அந்தப் படத்த இன்னொருக்கா காட்டுங்க பாக்கலாம். பக்கத்துல உக்காந்துக்கிட்டு எட்டிப் பாக்கறானேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. டபுள் கேபின் பிக்கப்பாட்ட இருந்துச்சு, அதானுங்க கண்ணு தானாப் போயிருச்சு. வாங்கறதுக்கா? வெள்ளகோவில்லயா இருக்குது? நானும் அங்கதானுங்க எறங்கறேன். ஸ்டேசன்ல ஒரு கையெழுத்துப் போடோணும். அதையப் பொறவு சொல்றேன். இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதுங்க பஸ்ஸு போய்ச் சேர.

வீட்டுல எத்தன பேருங்க? நீங்க, சம்சாரம், ரெண்டு பசங்க. அம்மாவுமா? அப்ப அஞ்சு. எங்கூட்டுலயும் அஞ்சுதானுங்க.

நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. போனதும் இஞ்சினப் பாக்காதீங்க. பின்சீட்டப் பாருங்க. டிரைவர் சீட்ட நல்லாப் பின்னால தள்ளி வெச்சுட்டுப் பின்னாடி உக்காந்து பாக்கோணும். விக்கறவன் எப்பவும் முன்சீட்ட முன்னால நகத்தி வெச்சுத்தான் காட்டுவான். முழங்கால் இடிக்காத மாதிரி தெரியும். காலடியில போட்டிருக்கற மேட்டத் தூக்கிப் பாருங்க, துரு அங்கதான் இருக்கும். நாலு கதவையும் சாத்திச் சாத்திப் பாருங்க. ஒரு கதவு மட்டும் வேற சத்தம் குடுத்துச்சுன்னா அது அடிபட்ட வண்டி. தகரத்துக்குப் பெயிண்டு அடிச்சுருவானுங்க, சத்தத்துக்கு அடிக்க முடியாது பாருங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, போன வருசம் மூணு மாசம் இதே சோலியாத் திரிஞ்சவனுங்க நான். எம்பேரு சென்னியப்பன். காங்கேயத்துக்கு இக்கட்ட, இந்தப் பக்கம், நமக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு, ஒரு தேங்காய்க் களம். களத்துக்குன்னு ஒரு பழைய பிக்கப்பு இருந்துச்சு, முன்னாடி மட்டும் சீட்டு இருக்கற வண்டி. தேங்கா ஏத்தறதுக்கு நல்ல வண்டிதான். குடும்பம் ஏறுனாத்தான் பத்தாது. எம்பொண்டாட்டி துளசிமணி, அவ மடியில சின்னவ மிருதுளா, கதவோரம் எங்கப்பாரு, அதான் எங்கய்யன், நான் ஸ்டீரிங்குல. பெரியவ கீர்த்தனா பிளஸ் டூ படிக்கறா, அவ பின்னால லோடு பாடியில நின்னுக்கிட்டுத்தான் வரோணும். கேபினு கம்பியப் புடிச்சுக்குவா. வயசுக்கு வந்த புள்ள அப்படி நின்னுக்கிட்டு வர்றது நல்லாருக்குமுங்களா?

ஆனி மாசத்துல மூலனூர்ல ஒரு கல்யாணம். போயிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருக்கறோம். நல்ல வெயில். கண்ணாடியில பாக்கறேன், ஒருத்தன் பைக்குல பின்னாடியே வர்றான். எம்புள்ளையப் பாத்து என்னமோ சொல்றான். இவளும் குனிஞ்சு என்னமோ சொல்றா. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சுங்க. போட்டேன் பாருங்க ஒரு பிரேக்கு. எறங்கி ஓடி அவன வண்டியோட சேத்து ஒரு எத்து. கீழ வுழுந்தவன் வாயி மேல முட்டியில வெச்சேன். ரெண்டு பல்லு அங்கயே வந்துருச்சு. கைய ஊனி எந்திரிக்கப் பாத்தான், அந்தக் கைய மிதிச்சேன். என்னடா கேட்ட எம்புள்ளகிட்ட, என்னடா கேட்டன்னு கேக்கறேன். வாயி நெறைய ரத்தம், அவன் எங்கிருந்து சொல்லுவான்.

அப்பறம் பாத்தா இக்கட்ட துளசிமணி எறங்கி, துண்டெடுத்துப் பெரியவ தாடையில அமுக்கிக்கிட்டு நிக்கறா. நான் பிரேக்குப் போட்டதுல புள்ள கேபினு விளிம்புல மோதிருக்குது. ஏழு தையலுங்க. பொட்டப்புள்ள மூஞ்சியில ஏழு தையல். எனக்கு எப்படியிருக்கும்னு ரோசன பண்ணிப் பாருங்க. ஆசுபத்திரியில வெச்சு அவ சொல்றா, "அவரு கன்னிவாடிக்குத் தடம் எதுன்னு கேட்டாருப்பா"ங்கறா. அவ அப்படித்தான் சொல்லுவா. புள்ளைக்கு என்னங்க தெரியும்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தப்பு வண்டி மேல. உள்ள சீட்டு இருந்திருந்தா இந்த வெனையே கெடையாது. அஞ்சு பேரும் உள்ள உக்கார்ற மாதிரி ஒரு பழைய டபுள் கேபினு பாக்கறதுன்னு எறங்கிட்டனுங்க. குடும்பத்துக்காகத்தான. வேற எவனாச்சும் பொண்டாட்டி புள்ளைக்காக மூணு மாசம் வெயில்ல அலைவானுங்களா?

எங்கய்யனப் பத்திச் சொல்லோணும். அவருக்கு ரெண்டு வருசமா வலப்பக்கம் வெளங்காது. பேச்சும் கொளறும். அந்தக் காலத்துல பெரிய கோவக்காரரு. களத்துல வெச்சு எங்கம்மாளப் பச்ச மட்டையில அடிப்பாரு. எங்கம்மாளுக்கு எடது காது கடேசி வரைக்கும் கேக்காமத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு நா, ஒரு பொழுது, கூடப் பொறந்தவனூட்டுக்குப் போயி நின்னதில்லீங்க. சோத்தப் போட்டு வெச்சுட்டுத்தான் அழுவும். அது பொம்பள.

மொதல்ல பாத்த வண்டி அரச்சலூருப் பக்கம். ஒரு வாத்தியாரு வெச்சிருந்தாரு. ஒரே கைதான், நான் மட்டுந்தான் ஓட்டறேன், துருவே கெடையாதுன்னு போன்ல சொன்னாரு. துளசிமணியயும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ எங்க வண்டியிலயே உக்காந்துக்கிட்டா. நான் படுத்து அடியில பாக்கறேன், சேசிஸ்ல கைய வெச்சா அப்பளமாட்ட உதிருது. எந்திரிச்சு வந்து, "என்னுங்க வாத்தியாரே, இது என்ன"ன்னு கேட்டேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படி இப்படி இருக்கத்தான செய்யும்"னு சிரிச்சாருங்க. சிரிச்சதுதான் தப்பு. பொடனியில புடிச்சுக் கொண்டுபோயி, துரு இருக்கற எடத்துல மூஞ்சிய வெச்சு அழுத்துனேன். "இப்பத் தெரியுதா, நல்லாப் பாரு"ன்னேன். மூக்குல ரத்தம் வந்துருச்சு. அவரு சம்சாரம் வாசல்ல நின்னு அழுகுது. அப்பறம் நானே தண்ணி கேட்டு வாங்கி அவரு மூஞ்சியக் கழுவி வுட்டனுங்க. நமக்கு அந்த மனசு உண்டு. கோவம் வந்தா வரும், போனாப் போயிரும்.

ஆனா இவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? வண்டிய வுட்டு எறங்கி வந்து அந்தம்மாகிட்ட, "மன்னிச்சுக்குங்க அக்கா"ன்னு கையெடுத்துக் கும்புடறா. எம்முன்னாடி. ஏமாத்தப் பாத்தவன் அவன், மன்னிப்புக் கேக்கறது எம்பொண்டாட்டி. திரும்பி வர்றப்ப வண்டியில வெச்சு ஒண்ணு குடுத்தேன். ஒண்ணுதானுங்க. மோதரம் போட்டிருந்த கையி, அதனால கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கிழிஞ்சுருச்சு. அதையப் பெருசாச் சொன்னாங்க கேசுல.

அதுக்கப்பறம் அவ பேச்சையே கொறச்சுட்டா. சரி, அடங்கிட்டான்னு நெனச்சேன். செவ்வாக்கெழமையானா மகளிர் குழுவுக்குன்னு போவா, பொழுதோட வருவா. நானும் ஒண்ணும் கேக்கல. நான் கேக்கற ஆளில்லீங்க.

ரெண்டாவது பாத்த வண்டியில பின்சீட்டு பலகையாட்ட நட்டுக்குத்தலா இருந்துச்சு. எங்கய்யனால உக்கார முடியாது. அது வேண்டாம்னு வந்துட்டேன். அங்க சண்ட ஓரியாட்டம் ஒண்ணுமில்ல. எல்லா எடத்துலயும் நான் அடிச்சேன்னு நெனச்சுக்காதீங்க.

மூணாவதுதான் அந்த வண்டி. கரூர் ரோட்டுல ஒரு கன்சல்டிங். பழைய வண்டிய வாங்கி விக்கறவங்க. பத்துப் பன்னெண்டு வண்டி நிறுத்தியிருந்தான். வெள்ள டபுள் கேபினு. நான் போயி மொதல்ல ஒருக்கா பாத்துட்டு வந்தேன். துருவில்ல. நாலு கதவும் ஒரே சத்தம். பின்சீட்டு நல்லாச் சாஞ்சு உக்கார்ற மாதிரி. முழங்காலுக்கு முன்னாடி ஒரு சாண் எடம். இதுதான்டா நம்ம வண்டின்னு மனசுல பட்டுருச்சு. ஒரு ஞாயித்துக்கெழம காலையில குடும்பத்தோட கெளம்பிப் போனோம். எல்லாரும் உக்காந்து பாக்கட்டும்னுதான். துளசிமணி பொறந்தவன் ஈஸ்வரமூர்த்தியும் வந்தான். எனக்கு மச்சான். அவனுக்கு ஒரு அரிசி மில்லு, ரெண்டு வண்டி, அதனால வண்டி வெசயம் தெரியும்னு இவதான் வரச் சொன்னா.

கன்சல்டிங்காரரு நல்ல மனுசன். அம்பது வயசிருக்கும், ஆறுமுகம்னு பேரு. எல்லாரையும் ஏத்தி உக்கார வெச்சாரு. எங்கய்யன முன்னாடி, ரெண்டு புள்ளைங்களும் பின்னாடி. புள்ளைங்க நீட்டி நிமிந்து உக்காந்திருந்துச்சுங்க. எனக்கு அதையப் பாக்கறப்ப கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பெரியவ தாடையில தழும்பு இன்னும் செவப்பா இருக்குது. "எப்படி கண்ணு இருக்குது"ன்னு கேட்டேன். "நல்லாருக்குதுங்கப்பா"ன்னா. அவ என்னையப் பாத்துச் சொல்லல, முன்சீட்டப் பாத்துத்தான் சொன்னா.

ஆறுமுகம் சாவியப் போட்டு இஞ்சின ஓட வுட்டாரு. ஏசியப் போட்டுக் காட்டுனாரு. நடுவால ஒரு பட்டன் இருக்குது, அதைய எங்கய்யனுக்குக் காட்டி, "பெரியவரே, இத அமுக்குனா நாலு கதவும் லாக்கு ஆயிரும். புள்ளைங்க தெரியாமக் கதவத் தொறக்காது"ன்னாரு. எங்கய்யன் எடது கையில அமுக்கிப் பாத்துச் சிரிச்சாரு.

துளசிமணிய, "நீங்களும் உக்காந்து பாருங்க"ன்னாரு. அவ நேராப் போயி டிரைவர் சீட்டுல உக்காந்தா. சும்மா உக்காந்து பாக்கறான்னு நெனச்சேன். சீட்ட முன்னாடி இழுத்துக்கிட்டா. கண்ணாடியத் திருப்பிக்கிட்டா. கால வெச்சு அமுக்கிப் பாத்துட்டு ஆறுமுகத்தக் கேக்கறா, "கிளட்ச்சு ஏனுங்க இவ்வளவு மேல வந்து புடிக்குது? பிளேட்டு தேஞ்சுருச்சா?"

எனக்கு ஒண்ணும் புரியல. களத்துல இத்தன வருசமா வண்டி நிக்குது, இவ ஒரு நா சாவியத் தொட்டதில்ல. "உனக்கென்னடி தெரியும் கிளட்ச்சப் பத்தி"ன்னேன்.

ஈஸ்வரமூர்த்திதான் சொன்னான். "நாந்தான் மாப்ள பழக்கி வுட்டேன். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மில்லு வண்டியில. ஆத்தர அவசரத்துக்கு ஆகுமில்ல. லைசென்சும் எடுத்தாச்சு."

ஆத்தர அவசரமுன்னா என்னங்க? எனக்குத் தெரியாம எம்பொண்டாட்டிய வண்டியில ஏத்திக்கிட்டு, ஊரு ரோட்டுல, இவன். பொறந்தவனா இருந்தா என்ன. நீங்களே சொல்லுங்க. அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

கீழ ஒரு வீல் ஸ்பேனரு கெடந்துச்சு. பக்கத்து வண்டிக்கு டயரு மாத்திக்கிட்டிருந்தாங்க. எடுத்தேன். மொத அடி தோள்ல. சத்தம் கேட்டுச்சுங்க, காஞ்ச மட்டை முறியற சத்தம். அவன் வலது கையத் தூக்கித் தடுத்தான், ரெண்டாவது அடி மணிக்கட்டுல. கீழ வுழுந்துட்டான். "மாப்ள வேண்டாம், புள்ளைங்க பாக்குது மாப்ள"ங்கறான். புள்ளைங்க பாக்குதுன்னு இப்பத்தான் தெரியுதா உனக்குன்னு கால்ல போட்டேன். ஆறுமுகம் ஓடி வந்து இடுப்பக் கட்டிப் புடிச்சாரு. மொழங்கையால ஒண்ணு வெச்சேன், நெத்தி கிழிஞ்சு அவரும் உக்காந்துட்டாரு. அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. குறுக்க வந்துட்டாரு.

அடுத்து இவளுக்குத்தான்னு வண்டிப் பக்கம் திரும்புனேன். டக்குன்னு ஒரு சத்தம். நாலு கதவும் லாக்கு ஆயிருச்சு.

எங்கய்யனுங்க. அந்தப் பட்டன் மேல அவரு கையி இருந்துச்சு. தெரியாமப் பட்டிருக்கோணும். வயசானவரு, பதட்டத்துல கையி எங்கயோ படும். எடது கையி அவருக்கு நல்லாத்தான் வேல செய்யும், இருந்தாலும் வயசாயிருச்சில்லீங்களா. கண்ணாடி வழியா அவரு மூஞ்சியப் பாத்தேன். என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. "ஐயா, தொறங்க"ன்னேன். கையி பட்டன வுட்டு எந்திரிக்கவே இல்ல.

நான் முன் கண்ணாடியில ஸ்பேனரால போட்டேன். வலை வலையா வெடிச்சுது, ஆனா உள்ள வுழுகல. நல்ல கண்ணாடிங்க. சின்னவ கத்தறா, சத்தம் வெளிய கேக்கல, வாயி மட்டும் தொறந்திருக்குது. துளசிமணி ஹாரன அமுக்குனா. அமுக்குன கைய எடுக்கல. கியரப் போட்டு வண்டிய நேரா எம்மேல ஓட்டிக்கிட்டு வந்தா.

நான் நகரல. என்னைய ஏத்துற தைரியம் அவளுக்கு ஏதுன்னு நின்னேன். வண்டி வந்து எந்தொடையில இடிச்சுது. மெதுவாத்தான், ஆனா நிக்கல. தள்ளிக்கிட்டே வந்தா. நான் பின்னாலயே போயி டயரு குமிச்சு வெச்சிருந்த எடத்துல வுழுந்தேன். என்னைய அங்க தள்ளி வுட்டுட்டு, எனக்கும் அவ பொறந்தவனுக்கும் நடுவால வண்டியக் கொண்டாந்து நிறுத்துனாளுங்க. ஒரே வளைவு. முன்ன பின்ன எடுக்கல. அந்த வண்டி அவ்வளவு நல்லாத் திரும்புது. அந்தப் பக்கத்துல டயரு மாத்துனவங்க ஈஸ்வரமூர்த்தியத் தூக்கி லோடு பாடியில போட்டாங்க. ஆறுமுகமும் தலையப் புடிச்சுக்கிட்டு ஏறிட்டாரு. நேரா ஆசுபத்திரிக்குப் போயிட்டா.

வெடிச்ச கண்ணாடியோட, கரூர் ரோட்டுல, அவ்வளவு லாரிக்கு நடுவால ஓட்டிக்கிட்டுப் போயிருக்கறாளுங்க. ஒரு கீறல் இல்லாம. நான் அந்த டயருக்கு நடுவால உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். போலீசு வர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தேன். எங்க போறது, எங்க பழைய வண்டி சாவி அவ பையில.

ஈஸ்வரமூர்த்திக்குத் தோள்ல காறை எலும்பு சேந்துருச்சு. மணிக்கட்டுதான் சரியாகல. ஸ்டீரிங்கு புடிக்க முடியாது இனிமேலுங்கறாங்க. நான் உள்ள அம்பத்தி ரெண்டு நாளு. இப்ப ஜாமீனு, அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து. துளசிமணி நகையப் போட்டு அந்த வண்டியையே எடுத்துக்கிட்டா. எம்புருசன் கண்ணாடிய ஒடச்ச வண்டிய வேற எவன் வாங்குவான்னாளாம். பொறந்தவனால ஓட்ட முடியாது, அதனால மில்லு அரிசிய அவதான் கடைக்குக் கடை கொண்டுபோயிப் போடறா. அவ இப்ப பொறந்தவனூட்டுல, புள்ளைங்களும் அங்கிருந்துதான் படிக்குதுங்க. எங்கய்யனும் அங்கதான். அவரக் கூப்புட ஆளனுப்புனேன். எழுதிக் காட்டுனாராம், எடது கையில, வரலைன்னு. பக்கத்துல இருந்து எழுத வெச்சிருப்பாங்க.

போன மாசம் காங்கேயம் சந்தைக்கிட்ட அந்த வண்டியப் பாத்தேன். கிட்டப் போகக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்குது. எம்புள்ளையப் பாக்கறதுக்கு எவன்கிட்டக் கேக்கோணும்? துளசிமணி கடைக்குள்ள மூட்டைய எண்ணிக்கிட்டிருந்தா. பெரியவ மட்டும் முன்சீட்டுல உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா. போயிக் கண்ணாடியில தட்டுனேன். "கண்ணு, அப்பா ஏறிக்கறேன், கதவத் தொற. கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு எறங்கிக்கறேன்"னேன்.

அவ பயந்து கத்துவான்னு நெனச்சேன். கத்தல. கண்ணாடிய ரெண்டு வெரலு எறக்குனா. "எடமில்லீங்கப்பா"ன்னா. அவ்வளவுதான். மறுபடியும் ஏத்திக்கிட்டா.

பின்சீட்டு மொத்தமும் காலியாக் கெடக்குதுங்க. மூணு பேரு உக்கார்ற எடம். நான் பாத்துப் பாத்துத் தேடுன சீட்டு. அதுல ஒரு பொஸ்தகப் பை மட்டும் வெச்சிருக்குது, எடமில்லைங்கறா. அவங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பா. கையில ஒரு கல்லுகூட எடுத்துட்டேன். அப்பறம் சந்தைச் சனம் கூடிருச்சு. போட்டுட்டு வந்துட்டேன்.

நான் வுடப் போறதில்லீங்க. இன்னொரு வண்டி பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். அதைவிடப் பெருசு. வாங்கி நேரா மில்லு வாசல்ல கொண்டுபோயி நிறுத்தி, எல்லாரும் ஏறுங்கடான்னு சொல்லப்போறேன். ஏறித்தான ஆகோணும். நீங்க பாக்கப் போற வண்டி நம்பரக் கொஞ்சம் காட்டுங்க. உங்குளுக்குப் புடிக்கலைன்னா நான் பாக்கறேன். இல்ல, ரெண்டு பேருமே போயிப் பாக்கலாம். நானும் வர்றேன். கையெழுத்து ரெண்டு நிமிசந்தான்.

என்னுங்க, எந்திரிச்சுட்டீங்க? வெள்ளகோவிலு இன்னும் வரலீங்களே. முன்னாடி சீட்டு எதுக்குங்க, இங்கதான் காத்து நல்லா வருது. உக்காருங்க. நான் என்ன பண்ணிட்டேன் உங்கள? மரியாதையாத்தான பேசிக்கிட்டு வர்றேன். கண்டக்டர எதுக்குக் கூப்புடறீங்க.

கைய இழுக்காதீங்க.

உக்காரு.